நடையும் தேடலும்: பென்சிற் சித்திரத்தில் தொடக்கநிலையாளரின் தனித்துவம் பற்றிச் சில சிந்தனைகள்

1

சித்திரம் வரையத் தொடங்கும் ஒருவர், ஓரளவு பயிற்சி கைவந்ததும் தவறாது எழுப்பும் வினா ஒன்றுண்டு. எனக்கெனத் தனியான நடை ஒன்றை எவ்வாறு அடைவது என்பதே அது. இவ்வினாவை எழுப்புபவரிடம் ஒரு பென்சிலும் பாடசாலை அப்பியாசக் கொப்பியும் தவிர வேறு சாதனங்கள் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆயினும் வினா சிறியதன்று. உழைப்புக்கும் ஆளுமைக்கும் உள்ள தொடர்பு யாது, மரபைக் கற்பதும் அதிலிருந்து விடுபடுவதும் ஒரே செயலின் இரு கூறுகளா, கலைத்திறன் சிலருக்கு மட்டும் வாய்ப்பது ஏன் என்றவாறான அழகியலின் அடிப்படைப் பிரச்சினைகள் பல அதனுள் அடங்கியுள்ளன.

ஈழத்துத் தமிழ்த் திறனாய்வு இப்பிரச்சினைகளை இலக்கியத்தை முன்னிறுத்தி விரிவாக ஆராய்ந்துள்ளது. உருவம், உள்ளடக்கம் பற்றிய விவாதங்கள் 1960களிலும் அதன் பின்னரும் எமது சஞ்சிகைகளில் இடம்பெற்ற அளவினை யாவரும் அறிவர். சித்திரக் கலையைப் பொறுத்தவரை இத்தகைய விவாதம் அளவிற் குறைந்ததாகவே இருந்துவந்துள்ளது. இதன் விளைவு வெறும் புலமை சார்ந்ததன்று. அது நடைமுறை சார்ந்தது. வெள்ளவத்தையிலிருந்து இரத்மலானை வரையும் வடக்கே கொட்டாஞ்சேனையிலும் வாழும் ஒரு தமிழ் மாணவர் மேற்கூறிய வினாவை எழுப்பும்போது, அவருக்கு இரண்டு ஆயத்த விடைகளே கிடைக்கின்றன. நடை என்பது பிறவிக்கொடை, அது இருப்பவனிடம் தானே வெளிப்படும் என்பது முதலாவது விடை. தனிநடை என்பதே பூர்சுவாத் தனிமனிதவாதம் தோற்றுவித்த மாயை, கருத்துச் சரியாயின் கோடு எவ்வாறு இருப்பினும் ஒன்றே என்பது இரண்டாவது விடை. முதலாவது விடை மாணவரை மனம் தளரச் செய்கின்றது. இரண்டாவது அவரை அலட்சியம் கொள்ளச் செய்கின்றது. இரண்டும் ஒரே தவறின் இரு வடிவங்கள் என்பதைக் காட்டுதலும், தொடக்கநிலையாளரின் தேடலுக்குப் பொருள்முதல்வாத நோக்கில் ஒரு விளக்கம் தருதலும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

முதலிற் சொல்லைக் கவனிப்போம். தமிழில் 'பாணி' என்ற சொல்லும் 'நடை' என்ற சொல்லும் இவ்விடயத்தில் வழங்குகின்றன. பாணி என்பது பெரும்பாலும் ஒரு காலத்துக்கோ பிரதேசத்துக்கோ குழுவுக்கோ பொதுவான முறையைச் சுட்டுகின்றது. நடை என்பது ஒருவருக்குரியது. நடத்தல் என்ற உடற்செயலிலிருந்தே அச்சொல் பிறந்தது. இருளில் வருபவர் இன்னார் என்பதைக் காலடியோசை கொண்டே நாம் அறிகின்றோம். எனினும் எவரும் தமது நடையைத் தேடிப் புறப்படுவதில்லை. சேரவேண்டிய இடத்தை நோக்கியே நடக்கின்றனர். நடந்து நடந்து நடை அமைகின்றது. அந்நடையிலும் சமூகம் பதிந்தேயுள்ளது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரின் நடையும் அணிவகுப்பிற் பழகியவரின் நடையும் வேறுபடுகின்றன. ஒவ்வொன்றும் ஒருவருக்கே உரியதாகவும், அதே வேளை அவர் செய்த தொழிலின் பதிவாகவும் விளங்குகின்றது. சித்திரத்தின் நடை பற்றிய விளக்கமும் இவ்விரண்டையும் ஒருங்கே கொள்வதாக இருத்தல் வேண்டும்.

2

கலையின் வரலாற்றை எழுதுவோர் கருவியின் வரலாற்றை அடிக்குறிப்புக்குத் தள்ளிவிடுவது வழக்கம். ஆயின் தொடக்கநிலையாளரின் நடை கருவியிலேயே தொடங்குகின்றது.

இன்று கடையில் வாங்கும் பென்சிலின் வன்மை, மென்மை வேறுபாடுகள் ஒரு யுத்தத்தின் விளைவுகளாகும். பிரித்தானியாவுடன் பிரான்ஸ் போரில் ஈடுபட்டிருந்த காலத்தில், ஆங்கிலச் சுரங்கங்களின் தூய பென்சிற்கரி பிரான்சுக்குக் கிட்டாது போயிற்று. அந்நெருக்கடியின் நடுவே 1795இல் நிக்கொலா கொன்ரே என்பவர் தரங்குறைந்த கரியைத் தூளாக்கிக் களிமண்ணோடு கலந்து சுடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் கோடு கடினமாகவும் வெளிறியும் அமையும். கரி கூடினால் மென்மையாகவும் கருமையாகவும் அமையும். எச்., எச்.பி., 2பி., 6பி. என மாணவர் அறியும் வரிசை முழுவதும் இக்கலவை விகிதத்தினாற் பிறந்ததே.

இவ்வரலாற்றில் எமது தீவுக்கும் இடமுண்டு. குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹவிலும் கேகாலை மாவட்டத்துப் போகலவிலும் பாறை நரம்புகளில் அமைந்துள்ள பென்சிற்கரி உலகின் மிகத் தூய வகைகளுள் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து அது கொழும்புத் துறைமுகத்தினூடாகப் பெருமளவில் ஏற்றுமதியாயிற்று. கொழும்பில் இருந்த முற்றங்களிற் பெண் தொழிலாளர்கள் அதனை உடைத்தும் அரித்தும் தரம் பிரித்தனர். அக்கரியின் பெரும்பகுதி உலோகம் உருக்கும் மூசைகளுக்கே சென்றது. முதலாம் உலகப் போர்க்காலத்தில் ஆயுத உற்பத்தியின் தேவையால் அவ்வணிகம் உச்சம் கண்டது. 1971இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. குடியேற்ற காலத்தில் இத்தீவு கரியை அனுப்பிவிட்டு எழுதுகருவியை இறக்குமதி செய்தது. பென்சிலைக் கையில் எடுக்கும்போதே மனிதர் பலரது உழைப்பின் திரளை நாம் கையில் எடுக்கின்றோம். வெற்றுத்தாளின் முன் தனியே அமர்ந்திருக்கும் கலைஞன் என்ற படிமம் இவ்வளவில் ஏற்கெனவே பொய்யாகிவிடுகின்றது.

இனிக் கருவியின் இயல்பைப் பார்ப்போம். ஒரேயொரு எச்.பி. பென்சில் வைத்திருப்பவரால் ஆழ்ந்த கருமையைக் கொண்டுவர இயலாது. எவ்வளவு அழுத்தினும் தாள் பளபளக்குமேயன்றிக் கருக்காது. இக்குறையை எதிர்கொள்ளும் தொடக்கநிலையாளர் பொதுவாக விரலால் தேய்த்து நிழலைப் பரப்ப முற்படுகின்றார். அதனாற் கோடுகள் மறைந்து சித்திரம் முழுவதும் ஒரே சாம்பல் நிறமாகின்றது. அவ்வாறு செய்யாது, கோடுகளை நெருக்கியும் குறுக்கே அடுக்கியும் இருளைக் கட்டியெழுப்ப முற்படுபவர் வேறொரு பாதையிற் செல்கின்றார். கோடுகள் எத்திசையிற் செல்லவேண்டும், எங்கே நெருங்கவேண்டும், எவ்விடத்தைத் தாளின் வெண்மையாகவே விட்டுவிடவேண்டும் என ஒவ்வொரு கணமும் அவர் முடிவெடுக்கவேண்டியுள்ளது. அம்முடிவுகளின் தொகுதியே பின்னர் நடை எனப் பெயர் பெறுகின்றது. எனவே நடையின் முதற் கூறு உள்ளத்திலிருந்து வருவதன்று. கருவியின் எல்லையோடு கை நிகழ்த்தும் போராட்டத்திலிருந்து வருவது. எல்லாத் தரப் பென்சில்களும் உடையவரிலும் ஒரு பென்சில் மட்டுமே உடையவர் இவ்வகையில் விரைந்து கற்கலாம். இதனை வறுமைக்கான புகழுரையாகக் கொள்ளலாகாது. தடையை அறிந்து கடத்தலே ஆற்றலை வளர்க்கின்றது என்பதே இதன் பொருள்.

3

தமிழ் மாணவர் ஒருவரின் கண்ணைப் பயிற்றியவை எவை? கடைகளிலும் வீடுகளிலும் தொங்கிய நாட்காட்டித் தெய்வப் படங்கள் முதலாவது. கோவில்பட்டி கொண்டையராஜுவும் (1898-1976) அவருடைய மாணவர்களும் நிலைநிறுத்திய உருவமுறை தமிழர் வாழ்ந்த இடமெங்கும் பரவியது. இரண்டாவதாக, தமிழகச் சஞ்சிகைகளின் சித்திரங்கள். கோயிற் சிற்பங்களைத் தூரிகைக் கோட்டில் நிறுத்திய சில்பியும் நகைச்சுவைச் சித்திரத்தில் தனியிடம் பெற்ற கோபுலுவும் இத்தீவின் வாசகருக்கும் அறிமுகமானவர்களே. தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் செல்வாக்குப் பற்றி எமது விமர்சகர்கள் நிறைய எழுதியுள்ளனர். அவற்றிலுள்ள கதைகளையே அவர்கள் பெரும்பாலும் ஆராய்ந்தனர். கதைகளோடு வந்த சித்திரங்கள் ஒரு தலைமுறையின் கோட்டைத் தீர்மானித்தமை அத்துணை கவனம் பெறவில்லை.

இப்படங்களை மாணவர்கள் கட்டம் போட்டு வரைந்தனர். மூலப்படத்தின் மீது சதுரங்கள் இட்டு, தாளிலும் அதே எண்ணிக்கையிற் சதுரங்கள் இட்டு, ஒவ்வொரு சதுரத்தினுள்ளும் இருப்பதை அவ்வாறே பெயர்த்தல் அம்முறை. அளவு பிசகாத பிரதி கிடைக்கும். இன்று நாட்காட்டியின் இடத்தைக் கைத்தொலைபேசித் திரையிலுள்ள ஒளிப்படம் பெற்றுள்ளது, முறை மாறவில்லை. இவ்வாறு பல நூறு படங்கள் வரைந்த பின்னரும் எனக்கென நடை ஏற்படவில்லையே என ஒருவர் ஏங்குவது இயல்பே. ஆனால் அதற்குப் பிரதிசெய்தலைக் குற்றங்கூறிப் பயனில்லை.

பிரதிசெய்தலில் இருவகை உண்டு. விளைவைப் பிரதிசெய்தல் ஒன்று. செயலைப் பிரதிசெய்தல் மற்றொன்று. கட்டமிடும் முறை விளைவை மட்டுமே பெயர்க்கின்றது. மூல ஓவியர் எதனை முதலில் இட்டார், எக்கோட்டை ஒரே வீச்சில் இழுத்தார், எதனைக் கைவிட்டார் என்பவற்றை அது மறைத்துவிடுகின்றது. மாறாக, சிங்களச் சித்தர மரபில் பயிலத் தொடங்குவோருக்கு முதலிற் கற்பிக்கப்பட்டது 'வக்கதெக' எனப்படும் இரட்டை வளைவு. அவ்வளைவைக் கை தயங்காது இழுக்கும் வரை மாணாக்கன் மீண்டும் மீண்டும் வரைந்தான்; பின்னரே கொடிகளும் மலர்களும் விலங்குகளும் வந்தன. அங்கு பிரதிசெய்யப்பட்டது ஓர் அசைவு. எழுத்தறிவித்தலிலும் இதுவே நிகழ்கின்றது. அரிசியிலும் மணலிலும் எல்லாக் குழந்தைகளும் ஒரே அகரத்தையே எழுதுகின்றன. பத்தாண்டுகளின் பின் இருவரது கையெழுத்து ஒன்றாயிருப்பதில்லை. தனிக் கையெழுத்தைத் தேடிய குழந்தை எதுவுமில்லை. எழுதவேண்டிய தேவையே அதனை உருவாக்கிற்று.

சித்தரரின் பயிற்சியை விரிவாகப் பதிவுசெய்தவர் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி (1877-1947) ஆவார். இவர் கலைத்துறைக்கு வருமுன் புவிச்சரிதவியலாளராக விளங்கியவர். இலங்கைப் பாறைகளையும் பென்சிற்கரியையும் பற்றிய இவரது ஆய்வு 1900இல் இலண்டன் புவிச்சரிதவியற் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. எட்டாண்டுகளின் பின் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற பெருநூலை வெளியிட்டார். வில்லியம் மொறிஸின் கருத்துகளால் ஈர்க்கப்பட்டிருந்த குமாரசுவாமி, பெயர் பொறிக்காத கைவினைஞரின் பணிவை உயர்ந்த இலட்சியமாகக் கண்டார். இயந்திர முதலாளித்துவம் கைத்தொழிலை அழித்தமை பற்றிய அவரது கண்டனம் இன்றும் வலுவுடையது. எனினும் பெயரின்மையை அவர் ஆன்மிகப் பண்பாக விளக்கியமை ஏற்கத்தக்கதன்று. சித்தரரின் கை சாதியமைப்பாலும் நிலமானிய ஊழியத்தாலும் பிணிக்கப்பட்டிருந்தது. அக்கட்டமைப்பை அவரே விரிவாக விவரித்தார். ஆயினும் அதனுள்ளிருந்த கட்டாயத்தை விமர்சிப்பதற்குப் பதிலாக இசைவான ஒழுங்காகப் போற்றினார். விட்டு விலகும் உரிமை இல்லாத ஒருவர் தம் நடையைத் துறந்தார் எனக் கூறுவது பொருந்தாது. அவர் தந்த பயிற்சிமுறைச் செய்தியை ஏற்றுக்கொண்டு, பணிவு பற்றிய இலட்சியத்தை நாம் ஒதுக்கிவிடலாம்.

4

தனிநடைத் தேடல் ஓர் இயக்கமாகவே கொழும்பில் நிகழ்ந்த சந்தர்ப்பம் '43 குழு' ஆகும். 1943 ஓகஸ்டில் லயனல் வென்ட்டின் முன்முயற்சியால் அமைந்த இக்குழு, 1891இல் நிறுவப்பட்ட இலங்கைக் கலைச் சங்கத்தின் விக்ரோறியப் பாணி ரசனைக்கு எதிராக எழுந்தது. ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தெரணியகல, ஹரி பீரிஸ், தெஹிவளையைச் சேர்ந்த ஐவன் பீரிஸ், றிச்சட் கேபிரியல், மஞ்சுசிறீ, ஜோர்ஜ் கிளாசன், ஒப்ரி கொலெற் முதலியோர் அதில் இடம்பெற்றனர். யாழ்ப்பாணத்தில் 1938இல் வின்சர் கலைக் கழகத்தைத் தொடங்கிய எஸ். ஆர். கனகசபையும் அதன் ஆரம்ப உறுப்பினருள் ஒருவர்.

இக்குழுவினரின் நடைகள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டன. அவ்வேறுபாட்டை மேதைமையின் பன்முகமாக மட்டும் விளக்குவது மரபாகிவிட்டது. ஆனால் அவர்களது சமூக நிலைகளும் ஒன்றாயிருக்கவில்லை. தெரணியகல உயர்குடியிற் பிறந்து கேம்பிரிட்ஜிற் சட்டம் பயின்று, இலண்டன் சிலேட் கலைக்கூடத்திலும் கற்றவர். ஹரி பீரிஸ் இலண்டனிலும் பரிசிலும் பயின்று சாந்திநிகேதனிலும் இருந்தவர். அவர்களுக்குத் தேடல் என்பது பல ஆண்டுகள் வருவாய் பற்றிய கவலையின்றித் தொடரக்கூடிய முயற்சி. அவர்களது ஆக்கங்களின் பெறுமதியை இது குறைப்பதில்லை. ஆயினும் தேடுவதற்கான ஓய்வு யாருக்கு வாய்த்தது என்பதை இது காட்டுகின்றது.

ஜோர்ஜ் கிளாசனின் (1909-1999) நிலை வேறு. அவர் கலைக்கூடம் எதிலும் பயிலாதவர். கொழும்புத் துறைமுக ஆணைக்குழுவிற் படவரைஞராகக் கடமையாற்றியவர். படவரைஞரின் கோடு பிறர் கட்டளையின் கோடு. அதில் அளவு பிசகலாகாது. வரைந்தவரின் அடையாளம் தெரியலாகாது. அடையாளத்தை அழிக்கும் அத்தொழிலே கையின் உறுதியை வளர்க்கின்றது என்பது உழைப்பின் முரண்பாடுகளுள் ஒன்று. கிளாசனின் ஓவியங்களிற் காணப்படும் கோட்டின் சிக்கனத்துக்கும் அவரது தொழிலுக்கும் நேரடிச் சமன்பாடு இட முடியாது. எனினும் வேலைமேசையிற் கற்ற கட்டுப்பாட்டை வேறொரு நோக்கத்துக்குத் திருப்புதல், கூலியுழைப்பில் இழந்த கையை மீளப் பெறுதல் என்ற வகையில் அவரது பாதை எமது தொடக்கநிலையாளருக்கு ஏனைய பலருடையதிலும் அண்மையானது. 1947இல் அவர் நாட்டை விட்டகன்று, 1949 முதல் இலண்டனில் வாழ்ந்தார்.

மஞ்சுசிறீயின் (1902-1982) வரலாறு மேலும் கருதத்தக்கது. இளமையிலேயே பௌத்த துறவியான இவர், ஆண்டுக்கணக்காக விகாரைகள்தோறும் சென்று அழிந்துகொண்டிருந்த சுவரோவியங்களைப் பிரதிசெய்தார். துறவாடையைக் களைந்த பின்னரும் அப்பணி தொடர்ந்தது. அதற்காகவே 1979இல் மகசேசே விருது அவருக்கு வழங்கப்பட்டது. தனித்துவத்துக்குப் பிரதிசெய்தல் பகை என்ற கொள்கை சரியாயின், அவரிடம் சொந்த நடை எதுவும் எஞ்சியிருத்தல் இயலாது. ஆயின் அவருடைய சொந்த ஆக்கங்கள் அச்சுவரோவியங்களின் நகல்களாக அமையவில்லை. கனவுத்தன்மை மிக்க விசித்திர உலகம் ஒன்றினை அவை காட்டுகின்றன. கைவிடப்பட்ட ஒரு மரபின் செயல்முறையைக் கோடு கோடாக மீட்டமையால், அவரது கை வறுமைப்படவில்லை, வளமே பெற்றது. செயலைப் பிரதிசெய்தல் பற்றி மேலே கூறியதற்கு இதனிலும் தெளிவான சான்று தேவையில்லை.

கீற்றும் (1901-1993) கலைக்கல்லூரியிற் பயிலாதவரே. பொரளைக் கோதமி விகாரையில் 1939-40இல் அவர் வரைந்த சுவரோவியங்களை இன்றும் காணலாம். இந்திய உருவ மரபும் பிக்காசோவின் வடிவங்களும் அவரது கோட்டில் வெளிப்படையாகவே கலந்துள்ளன. கடன் வாங்கியமையை அவர் மறைக்கவில்லை. தம் கோட்டில் யார் யாருடைய சாயலோ தெரிகின்றது என அஞ்சும் தொடக்கநிலையாளர், சாயலின்றித் தொடங்கியோர் எவருமிலர் என்பதை இங்கு உணரலாம்.

5

மேற்கூறியவை கருவியையும் பயிற்சியையும் பற்றியன. ஆனால் இவை மட்டும் நடையைத் தோற்றுவிப்பதில்லை. சேரவேண்டிய இடம் எது என்ற வினா எஞ்சியுள்ளது. தொடக்கநிலையாளர் ஒருவரின் தேடல் மிக நுணுக்கமாக ஆவணப்படுத்தப்பட்ட உதாரணம் வின்சென்ற் வான் கோ ஆவார். இவர் ஓவியராவதென 1880இல், இருபத்தேழாம் வயதில் முடிவுசெய்தபோது பெல்ஜியத்தின் போறினாஜ் நிலக்கரிப் பிரதேசத்தில் இருந்தார். அங்கு சுரங்கத் தொழிலாளரிடையே மதபோதகராகப் பணியாற்ற முயன்று நீக்கப்பட்டவர். சார்ள் பார்க் என்பவரின் சித்திரப் பாடங்களையும் மில்லேயின் உழவர் படங்களையும் அவர் மீண்டும் மீண்டும் பிரதிசெய்தார். தச்சர் பயன்படுத்தும் தடித்த பென்சிலைப் பயன்படுத்தினார். 1882இல் தூரநோக்கை அளப்பதற்கான நூல் கட்டிய சட்டம் ஒன்றைச் செய்வித்துக் கடற்கரைக்கும் வயலுக்கும் காவிச் சென்றார். தம் கடிதங்களில் அவர் ஓயாது வருந்தியது உருவத்தைச் சரிவர வரைய முடியாமை பற்றியே. குனிந்து கிழங்கு தோண்டும் உடலின் பாரம் கோட்டில் வரவேண்டும் என்பதே அவரது தேவை. ஐந்தாண்டுகளின் பின் 'உருளைக்கிழங்கு உண்போர்' பிறந்தது. வாழ்வின் இறுதியாண்டான 1890இலும் அவர் அதே பார்க்கின் பாடங்களைத் தருவித்து வரைந்தார். உலகம் இன்று ஒரு பார்வையிலேயே இனங்காணும் நடைக்குரியவர், இறுதிவரை தம்மை மாணாக்கராகவே கருதினார்.

தமிழகத்து உதாரணம் ஒன்றும் உண்டு. கே. எம். ஆதிமூலம் (1938-2008) காந்தி நூற்றாண்டையொட்டி 1969இல் காந்தியின் உருவத்தை இளமை முதல் முதுமை வரை தொடராகக் கோட்டோவியங்களாக வரைந்தார். அவை மையினால் ஆனவை. எனினும் எமது வினாவுக்கு அவை பொருத்தமானவை. ஒரே உடலைத் திரும்பத் திரும்ப வரைந்தமையால், கோடு அலங்காரத்தை இழந்து எலும்பின் வன்மையைப் பெற்றது. பின்னர் கி. ராஜநாராயணனின் கரிசற்காட்டு எழுத்துகளுக்கு அவர் வரைந்தபோது அக்கோடு உழவரின் முகங்களைத் தாங்கவல்லதாயிருந்தது.

இவ்விருவரிடமும் பொதுவாயுள்ளது யாது? வரையப்படும் பொருள் அவர்களுக்கு ஒரு சாட்டாக இருக்கவில்லை. அப்பொருள் கையை எதிர்த்தது. கற்ற முறை போதாதெனக் காட்டியது. புதிய முறையைக் கோரியது. பொருளின் எதிர்ப்புக்குக் கை கண்ட விடைகள் நிலைபெற்று நடையாயின. ஆகவே எது என் நடை என்ற வினாவை, எதனை நான் வரையவேண்டும், அது என் கையிடம் எதைக் கோருகின்றது என்ற வினாவாக மாற்றியமைத்தல் வேண்டும்.

6

இவ்விடத்தில் இரண்டாவது ஆயத்த விடைக்கு வருவோம். தனிநடையில் அக்கறை கொள்ளுதல் தனிமனிதவாதம் எனக் கூறுவோர் மார்க்ஸின் பெயராற் பேசுகின்றனர். ஆனால் மார்க்ஸின் தொடக்ககால எழுத்துகளுள் ஒன்றே நடையின் உரிமைக்கான வாதமாகும். பிரஷ்ய அரசின் தணிக்கை அறிவுறுத்தலை எதிர்த்து 1842இல் எழுதிய கட்டுரையில், எழுத்தாளன் எத்தகைய நடையில் எழுதவேண்டும் எனச் சட்டம் விதிப்பதை அவர் கடுமையாகச் சாடினார். இயற்கையிற் பல வண்ணங்களையும் பல மணங்களையும் போற்றுவோர், மனித மனத்துக்கு மட்டும் ஒரே நிறத்தை விதிப்பது ஏன் என்பது அங்கு அவரது வாதத்தின் சாரம். 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதிகளில், மனிதனின் கண்ணும் செவியும் இயற்கை தந்தவாறே இருப்பவையல்ல, உலக வரலாறு முழுவதினதும் உழைப்பால் உருவானவை என்ற கருத்தினை நிறுவினார். இவற்றைத் தொடர்ந்து ஏங்கல்ஸுடன் இணைந்து எழுதிய 'ஜேர்மன் கருத்துநிலை'யில், கலைத்திறன் சிலரிடம் மட்டும் குவிவதும் மக்கட் பெருந்திரளிடம் அது ஒடுக்கப்படுவதும் தொழிற்பிரிவினையின் விளைவே என விளக்கினார். அப்பிரிவினை நீங்கிய சமுதாயத்தில், ஓவியம் மட்டுமே தீட்டும் ஓவியர் என்ற பிரிவினர் இருக்கமாட்டார். ஏனையவற்றோடு ஓவியமும் தீட்டும் மனிதர் இருப்பர்.

இம்மூன்று கருத்துகளையும் இணைத்து நோக்குமிடத்துத் தெளிவாவது யாதெனில், தனிநடை பூர்சுவா வர்க்கத்தின் கண்டுபிடிப்பன்று. அவ்வர்க்கம் செய்தது, மனிதர் யாவருக்கும் உரிய ஆற்றலைச் சிலரது தனிச்சொத்தாகக் காட்டியதே. பிறவிக்கொடைக் கொள்கை அச்சொத்துரிமைக்குச் சான்றிதழ் வழங்குகின்றது. தனிநடையே வேண்டாம் எனக் கூறும் இயந்திரப் பாங்கான கொள்கை, அச்சொத்தை மீட்பதற்குப் பதிலாக உரியவர்களையே அதனை மறக்கச் சொல்கின்றது. இரண்டுமே நடையை உழைப்பிலிருந்து பிரிக்கின்றன. இதனாலேயே இவற்றை ஒரே தவறின் இரு வடிவங்கள் என்றோம்.

இத்தவறுக்கு இன்று மூன்றாவது வடிவமொன்றும் உண்டு. ஒளிப்படம் ஒன்றைக் கணத்திற் பென்சிற் சித்திரமாக்கித் தரும் கணினிச் செயலிகள் யாவர் கையிலும் உள்ளன. அங்கு நடை தெரிவுப் பட்டியலில் ஒன்றாக, பொருளுக்கு மேற் போர்த்தும் போர்வையாக விற்பனைக்குக் கிடைக்கின்றது. சந்தையில் இனங்காணப்படவேண்டும் என்பதற்காகத் தனிநடை தேடுவோர், தம்மை அறியாமலே அச்செயலியின் வேலையைக் கையாற் செய்கின்றனர். எவ்வித எதிர்ப்பையும் சந்தியாத கோடு, எவ்வளவு விசித்திரமாயினும், வணிகக் குறியீடு மட்டுமே.

7

எமது சூழலில் இவ்வினா மேலும் கூர்மையடைகின்றது. ஓவியர் அ. மாற்கு (1933-2000) குருநகரிற் பிறந்து, கொழும்பு அரசினர் நுண்கலைக் கல்லூரியிற் பயின்று, யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறை மாணவருக்கு ஆசானாக விளங்கியவர். அவரைச் சிறப்பித்து 1987இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த நூலின் பெயர் 'தேடலும் படைப்புலகமும்' என்பது. பல ஊடகங்களிலும் பல முறைகளிலும் இடையறாது பரிசோதித்த அவரை ஒரு நடைக்குள் அடக்குதல் எளிதன்று. நடையை அடைந்து நிலைத்தலே முதிர்ச்சி என்ற எண்ணத்துக்கு அவரது வாழ்வு மறுப்பாகும். யாழ்ப்பாணத்தின் 1995 இடப்பெயர்வில் அவரது ஆக்கங்கள் பல அழிந்துபோயின. நடை என்பதைச் சேமித்துவைக்கப்படும் சொத்தாகக் கருதினால், அவர் எல்லாவற்றையும் இழந்தவர். அதனைக் கையின் செயலாகவும் கற்பித்தலின் தொடர்ச்சியாகவும் கருதினால், அவரது மாணவரிடம் அது தொடர்ந்து வாழ்கின்றது.

இரத்மலானைக்கு வருவோம். புகையிரதப் பகுதியின் பொறியியல் வேலைத்தளம், விமான நிலையம், தொழிற்சாலைகள், காலி வீதி, மேற்கே கடலோரத்துப் புகையிரதப் பாதை, கிழக்கே அத்திடியச் சதுப்புநிலம் ஆகியவை சூழ்ந்த இடம் அது. அப்பாற் கட்டுபெத்தையிற் பல்கலைக்கழக மாணவர் பொறிமுறை வரைதலும் கட்டிடக்கலையும் பயில்கின்றனர். வடக்கே கல்கிசையில் பரி. தோமாவின் கல்லூரி ஆலயத்தில், டேவிட் பெயின்ரர் 1968இல் தீட்டிய சுவரோவியம் உள்ளது. இரத்மலானையிலுள்ள கொழும்பு இந்துக் கல்லூரி, 1983 யூலை வன்செயலின் பின் அகதிகளின் புகலிடங்களுள் ஒன்றாயிற்று. இவ்விடத்திலிருந்து சித்திரம் பயிலும் மாணவர் வரைவதற்குப் பொருள் இல்லையெனக் கூற முடியாது. ஆயினும் நடிகர் முகங்களையும் நாட்காட்டித் தெய்வங்களையுமே அவர் நாடுவாராயின், அதற்குக் காரணம் அவரது சோம்பலன்று. தம்மைச் சூழ்ந்துள்ளவை வரையத்தக்கவை என்ற நம்பிக்கையை அவருக்கு எவரும் அளிக்கவில்லை. வேலைத்தளத்திலிருந்து மாலையில் வெளிவரும் தொழிலாளியின் தோள், ஒரு காலத்தில் குடும்பங்கள் படுத்துறங்கிய வகுப்பறையின் தரை, கடலோர வீடுகளின் தகரக் கூரை ஆகியவற்றை வரைவதற்கு ஆயத்தமான நடை எதுவும் எமது மரபில் இல்லை. அவற்றை நோக்கிப் பென்சிலை எடுப்பவர் அந்நடையை ஆக்கியே தீரவேண்டும். இப்பொருள்களை வரைந்தமையாலேயே சித்திரம் சிறந்துவிடும் என்பது எமது கருத்தன்று. தோளின் பாரம் கோட்டில் வராதவிடத்து, அச்சித்திரம் தொழிலாளிக்கும் பயன்படாது, கலைக்கும் பயன்படாது.

இதிலிருந்து நடைமுறைக்குரிய சில முடிவுகள் பெறப்படுகின்றன. பாடசாலைச் சித்திரபாடம் விளைவைப் பெயர்க்கும் பயிற்சியைக் குறைத்து, அசைவையும் அவதானத்தையும் பயிற்றுதல் வேண்டும். மாணவர் முன்னோரைப் பிரதிசெய்யத் தயங்கவேண்டியதில்லை. எவ்வாறு வரையப்பட்டது என வினவிக்கொண்டே பிரதிசெய்யவேண்டும். கோதமி விகாரையும் பான்ஸ் பிளேசில் ஹரி பீரிஸின் இல்லத்தில் அமைந்த சப்புமல் நிறுவனமும் கொழும்பிலேயே உள்ளன. எமது பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் மாணவரை அங்கு அழைத்துச் செல்வது கடினமன்று. விமர்சகர்கள் தொடக்கநிலையாளரிடம் தனித்துவத்தைக் கேட்குமுன், நேர்மையான அவதானத்தைக் கேட்டல் வேண்டும்.

நடை தேடிக் கண்டெடுக்கப்படும் புதையலன்று. அது உழைப்பின் தடம். அத்தடம் பதிய ஒரு பொருள் வேண்டும், அப்பொருளோடு மோதும் கை வேண்டும், அக்கைக்கு ஓய்வும் கல்வியும் வழங்கும் சமுதாயமும் வேண்டும். முதலிரண்டும் தொடக்கநிலையாளரின் பொறுப்பு. மூன்றாவது எம் அனைவரின் பொறுப்பு. அதனை நிறைவேற்றாது, தமிழரிடையே ஓவியர் ஏன் குறைவு என வினவிக்கொண்டிருப்பதிற் பயனில்லை.